கொறங்காட்டுக்கு ஒரு வருஷக் கணக்கு

தாத்தா விட்டுப்போன மேய்ச்சல் காடு சும்மா கிடக்கிறது, ஆடு மாடு வாங்கி விடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். முதலில் புல்லைப் பாருங்கள், ஆட்டை அப்புறம் எண்ணலாம் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் காடு மூலனூர் பக்கம். காங்கேயம் மாடும் மயிலம்பாடிச் செம்மறி ஆடும் வைத்திருக்கிறோம். ஆட்டைக் கவனிப்பது நானும் அத்தையும், மாடு என் வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கே எழுதுவதெல்லாம் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரத்து மானாவாரிக் காட்டுக்குப் பொருந்தும். வாய்க்கால் தண்ணீரும் தீவனப் பயிரும் இருக்கிற பண்ணைக்குக் கணக்கு வேறு.

சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. வருஷ மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அப்போது வளர்கிற புல்லை அடுத்த ஆடி வரைக்கும் இழுத்துப் பிடித்துத் தின்ன வைக்க வேண்டும். அதனால் காட்டு வேலைக்கு வருஷப் பிறப்பு புரட்டாசிதான்.

புரட்டாசி

மழைக்கு முன் வேலியை ஒரு முறை முழுக்கச் சுற்றி வாருங்கள். நடந்துதான் போக வேண்டும். அங்கங்கே உட்கார்ந்து ஆட்டின் உயரத்தில் பார்த்தால்தான் ஓட்டை கண்ணில் படும். நிமிர்ந்து நடக்கிறவருக்கு வேலி எப்போதும் அடர்த்தியாகவே தெரியும். கிளுவை பட்டுப்போன இடத்தில் பெருவிரலைவிடத் தடித்த போத்துகளை, அதாவது கிளைத் துண்டுகளை, வெட்டி நட்டால் மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். அது நெருங்கி வேலியாக நிற்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்து வையுங்கள். கம்பி வேலி சீக்கிரம் முடிகிற வேலைதான். ஆனால் ஆடிக் காற்றைத் தடுப்பது கிளுவை, மண்ணைப் பிடித்து வைப்பது கிளுவை, உள்ளே நுழையப் பார்க்கிற நாயைக் குத்தி நிறுத்துவதும் கிளுவைதான். வெள்ளாடு மட்டும் இந்தக் காட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அது வேலியையே தின்னும்.

புல் மெலிந்த இடங்களில் விதை தூவுவதும் இப்போதுதான். ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டை விதை போதும். அந்த வருஷம் உருவிய புது விதை சரியாக முளைக்காது, அதற்கு உறக்கம் உண்டு. போன தை மாதம் உருவி, சாக்கில் காயவைத்து எடுத்து வைத்த விதையாக இருந்தால் நல்லது. மண்ணை லேசாகக் கீறிவிட்டு மேலாகத் தூவி, ஒரு முள் கொத்தை இழுத்துக்கொண்டு போனால் மூடிக்கொள்ளும். ஆழத்தில் விழுந்த விதை வீண். கூடவே நரிப்பயறோ கொள்ளோ கொஞ்சம் தூவினால் மண்ணுக்கும் பலம், ஆட்டுக்கும் ருசி.

அப்புறம் ஊசி. மழைக்கு முன்பே ஆட்டுக்குத் துள்ளுமாரிக்கும் நீலநாக்குக்கும், மாட்டுக்குத் தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் போட்டு முடித்திருக்க வேண்டும். நோய் வந்த பிறகு போடுகிற ஊசி காப்பாற்றாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசே இலவசமாகப் போடுகிறது. 2019இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. காதில் 12 இலக்க வில்லையும் மாட்டி விடுவார்கள். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், காப்பீட்டுக்கு அதைத்தான் கேட்பார்கள். கிடேரிக் கன்றுக்கு நாலு மாதம் முதல் எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்க்கான ஊசி ஒரே ஒரு தடவை. அந்த வயசைத் தவறவிட்டால் பிறகு போட மாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகை: படல் மூடியே இருக்கட்டும்

வருஷம் முழுக்க நடக்கிற வேலைகளில் கடினமானது இதுதான். இதில் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, அதனால்தான் கடினம். நல்ல மழை ஒன்று பெய்த ஒரு வாரத்தில் காடு பச்சையாகிவிடும். வேலிக்கு இந்தப் பக்கம் ஆடுகள் கத்திக்கொண்டு நிற்கும். வாசலை அடைத்திருக்கிற படலைத் திறந்துவிட மனசு துடிக்கும். திறக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. கோடை முழுக்கக் காய்ந்து நின்ற கொழுக்கட்டைத் தூர், வேரில் சேர்த்து வைத்திருந்த சத்தைச் செலவு பண்ணித்தான் அந்த முதல் இலையை விடுகிறது. இலை வெயிலைக் குடித்து, செலவழித்ததை வேருக்குத் திருப்பித் தர வேண்டும். அதற்குள் ஆடு கடித்துவிட்டால் தூர் மறுபடி வேரிலிருந்து எடுத்து இலை விடும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் தூரே செத்துப்போகும். அடுத்த வருஷம் அந்த இடத்தில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு காடு கெடுவது பெரும்பாலும் இந்த ஐந்தாறு வாரத்தில்தான், வறட்சியில் அல்ல.

அத்தை இதைச் சுருக்கமாகச் சொல்வார்: "கண்ணு, படலத் தொறக்காத. புல்லு இன்னும் வெத உடல."

விதை முற்றியதா என்று பார்க்க வழி சுலபம். ஒரு கதிரைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு மெதுவாக உருவுங்கள். பச்சைக் கதிராக இருந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், கையில் ஒன்றும் வராது. முற்றியிருந்தால் பஞ்சு பஞ்சான சுணை மொத்தமாகக் கழன்று உள்ளங்கையில் சேரும், வெறும் காம்பு மட்டும் வளைந்து நெளிந்து நிற்கும். காட்டில் நாலைந்து இடத்தில் பார்த்து, பாதிக்கு மேல் இப்படிக் கழன்று வந்தால் திறக்கலாம். கொஞ்சம் விதை தரையில் கொட்டியிருந்தால் இன்னும் நல்லது. ஆட்டுக் குளம்பே அதை மண்ணில் மிதித்து விடும்.

அதுவரை ஆடு மாடு எதைத் தின்னும்? இதற்குத்தான் ஒரு காட்டை நாலைந்து துண்டாக வேலி பிரித்து வைப்பது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு துண்டை இந்தக் காலத்துக்கென்று விட்டுவிடுங்கள். அது கொஞ்சம் அடிபட்டாலும் பரவாயில்லை. கூடவே சோளத்தட்டு. மழைக்காலத்துக்குத் தட்டுப்போர் இல்லாதவர் ஆடு வாங்கவே கூடாது என்று நினைக்கிறேன். போரை மேட்டில் அடுக்கி, உச்சியில் தண்ணீர் நிற்காமல் சரிவாக மூடுங்கள்.

வேறொரு துண்டில் இளம்புல் மேய விட்டே ஆக வேண்டும் என்றால், காலையில் தட்டைப் போட்டு அரை வயிறு நிரம்பிய பிறகு விடுங்கள். பனியும் ஈரமும் காய்ந்த பிறகு, கொஞ்ச நேரத்துக்கு மட்டும். பசியோடு ஓடிப்போய் இளம்புல்லை வாரித் தின்கிற கொழுத்த குட்டியைத்தான் துள்ளுமாரி முதலில் பிடிக்கும். சாயங்காலம் துள்ளிக்கொண்டு இருந்தது, காலையில் பட்டியில் செத்துக் கிடக்கும்.

நீலநாக்கு இந்த மாதங்களின் இன்னொரு பயம். கொசுவைவிடச் சின்னதான ஒரு பூச்சி கடித்துப் பரப்புகிறது. காய்ச்சல், உதடு வீக்கம், மூக்குச் சளி, நொண்டல் எல்லாம் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆட்டைத் தனியாகப் பிரித்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். பூச்சி இருட்டும் நேரத்திலும் விடியும் நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும். அந்த நேரத்தில் பட்டியில் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை மூட்டுங்கள். பட்டியை மேட்டுக்கு மாற்றுங்கள். சேற்றில் நிற்கிற குளம்பு அழுகும்.

குடற்புழு மருந்தைக் காலண்டர் பார்த்து எல்லா ஆட்டுக்கும் ஊற்றுவதைவிட, கண்ணைப் பார்த்து ஊற்றுவது மேல். கீழ் இமையை விரலால் இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் அந்த ஆட்டுக்கு இப்போது மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கிற புழு உள்ளே இருக்கிறது. தாடைக்குக் கீழே நீர்ப்பை மாதிரி தொங்கினால் ரொம்ப நாளாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கணக்கில்லாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் எந்த மருந்தும் கேட்காது.

மார்கழி, தை: திறக்கிற மாதம், குட்டி போடுகிற மாதம்

படலைத் திறந்ததும் முதலில் மாட்டை விடுங்கள், பின்னால் ஆட்டை. மாடு நாக்கைச் சுழற்றி உயரமான புல்லை இழுத்துத் தின்னும், தரை வரைக்கும் போகாது. அது முடித்த காட்டில் ஆடு சின்னப் பூண்டையும் அடியிலையையும் பொறுக்கித் தின்னும். ஆட்டை முதலில் விட்டால் நல்ல இலையை எல்லாம் அது பொறுக்கிவிடும், மாட்டுக்கு வெறும் தண்டு மிஞ்சும். இரண்டையும் மாற்றி விடுவதில் இன்னொரு லாபம்: ஆட்டுப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டு வயிற்றில் வாழாது. மாடு மேய்கிற போது புல்லில் ஏறி நிற்கிற அந்தப் புழுவின் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்று அழித்துவிடுகிறது.

புல் நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் அடுத்த துண்டுக்கு மாற்றிவிடுங்கள். இன்னும் இரண்டு நாள் தாங்கும் போல இருக்கே என்று தோன்றும்போதே மாற்றுவதுதான் சரியான நேரம்.

ஆடியில் கிடாய் சேர்த்த ஆடுகள் மார்கழியில் ஈனும். செம்மறிக்குச் சினைக்காலம் 150 நாளை ஒட்டி. புல் நிறைந்து நிற்கிற காலத்தில் தாய்க்குப் பால் ஊற வேண்டும் என்றுதான் இந்தக் கணக்கு. ஈனப் போகிற ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும். மடி இறுகும், வால் பக்கத்தில் இரண்டு புறமும் குழி விழும், முன்காலால் மண்ணைப் பிறாண்டும், படுக்கும், எழும். அதைப் பட்டியின் காற்றில்லாத மூலைக்குக் கொண்டுபோய்க் காய்ந்த தட்டை விரித்து விட்டுவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். பனிக்குடம் தெரிந்து, பிறகு இரண்டு முன்குளம்பு, அதன் மேல் மூக்கு என்று வந்தால் நீங்கள் கை வைக்கத் தேவையில்லை. பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் ஒன்றும் நகரவில்லை, அல்லது ஒற்றைக் கால் மட்டும் வெளியே தெரிகிறது என்றால் காத்திருக்காதீர்கள். 1962க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் இருக்கிற சவ்வைத் துடைத்துவிட்டுத் தாயின் முகத்துக்கு நேராக வையுங்கள். தாய் நக்கட்டும். நக்குகிற நேரத்தில்தான் வாசனை பிடித்துத் தன் குட்டி என்று அது முடிவு செய்கிறது. சுத்தம் என்று நினைத்து நாமே துணியால் மொத்தமும் துடைத்துவிட்டால், சில ஆடு பிறகு குட்டியைச் சேர்க்காது. தொப்புளில் டிஞ்சர் அயோடின் தொட்டு வையுங்கள். மடிக்காம்பை ஒரு முறை பீய்ச்சினால் அடைப்பு மெழுகு போல வெளியே வரும், அதற்கப்புறம் பால் தாராளமாக வரும். அரை மணி நேரத்துக்குள் சீம்பால் குட்டி வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். குட்டியின் அடிவயிற்றைத் தொட்டால் தெரியும்: குடித்த குட்டிக்கு உருண்டையாக, கதகதப்பாக இருக்கும். குடிக்காத குட்டிக்கு ஒட்டிப்போய், வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்று இருக்கும். அப்படி இருந்தால் முதலில் சூடு காட்டி, அப்புறம் பால் கொடுங்கள்.

தாய்கள் மேயப் போகும்போது சின்னக் குட்டிகளைக் கொடாப்பில், அதாவது கவிழ்த்து வைக்கிற பெரிய கூடையில், அடைத்து நிழலில் வைத்துவிட்டுப் போகலாம். தினமும் இடத்தை மாற்றுங்கள், ஈரத் தரையில் கிடந்தால் கழிச்சல் பிடிக்கும்.

மாடு கன்று போட்டால் பதற்றம் இன்னும் குறைவு. காங்கேயம் பசுவுக்குப் பெரும்பாலும் யார் உதவியும் வேண்டியதில்லை. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழாவிட்டால் மட்டும் மருத்துவர். இழுக்காதீர்கள், அதில் கல்லைக் கட்டித் தொங்கவிடவும் கூடாது. கன்று செவலையாகப் பிறந்திருக்கிறதே, கலப்பா என்று புதிதாக வாங்கியவர்கள் கேட்பார்கள். காங்கேயம் கன்று சிவந்துதான் பிறக்கும், ஆறு மாதத்தை ஒட்டி மயிலையாக, சாம்பல் நிறமாக மாறும். பசு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கறக்கும். கன்றுக்கு வயிறார விட்ட பிறகு மிஞ்சுவது வீட்டுக்கு.

பட்டிப் பொங்கலன்று பட்டிக்குள் சாணியில் தெப்பக்குளம் கட்டிக் கன்றைத் தாண்ட விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு எல்லா உருப்படியும் கழுவி, கண்ணெதிரே நிற்கும். அந்த வாய்ப்பை விடாதீர்கள். பல் பாருங்கள், மடி தடவிப் பாருங்கள், குளம்பு பாருங்கள். எது கிழடு, எது மலடு, எதற்கு மடி கெட்டுவிட்டது என்று எழுதி வையுங்கள். அடுத்த மாதத்துக்கு இந்தக் குறிப்பு தேவைப்படும்.

மாசி, பங்குனி

மாசிக் கடைசியில் காட்டைச் சுற்றி வந்து மீதிப் புல்லைக் கணக்குப் போடுங்கள். ஆடி வரைக்கும் இது போதுமா? போதாதென்று தோன்றினால் இப்போதே விற்றுவிடுங்கள். கிடாய்க்குட்டி, கிழ ஆடு, ஈனாத ஆடு என்ற வரிசையில். சித்திரையில் புல் தீர்ந்த பிறகு எல்லோரும் சந்தைக்கு ஓட்டி வருவார்கள், வியாபாரிக்கு அது தெரியும். மெலிந்த ஆட்டை அவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். நல்ல பெட்டைக்குட்டிகளை மட்டும் எந்த நெருக்கடியிலும் விற்க வேண்டாம்.

சித்திரை, வைகாசி

விடிந்ததும் மேய்ச்சல், பத்து மணிக்குள் நிழல், நாலு மணிக்கு மேல் மறுபடி மேய்ச்சல். தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும். கோடையில் ஒரு மாடு நாளைக்கு 40, 50 லிட்டர் குடிக்கும். தொட்டியை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவி, மாதம் இரண்டு முறை உள்ளே சுண்ணாம்பு அடித்தால் பாசி பிடிக்காது.

இந்த மாதங்களில் கைகொடுப்பது வெள்வேல மரம். முற்றி உலர்ந்து விழுகிற காயைக் கூட்டிச் சாக்கில் சேர்த்து, தட்டோடு கலந்து அளவாக ஆட்டுக்குப் போடலாம். பச்சைக் காயையும் கொழுந்தையும் வெட்டிக் குவித்துப் பசித்த ஆட்டின் முன் போடாதீர்கள், அதில் நஞ்சு உண்டு. ஆடு தின்ற உலர்ந்த காயின் விதை புழுக்கையோடு வந்து மழையில் தானாக முளைக்கும். கன்றுகளில் நேராக வளர்வதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் களைந்துவிடுங்கள். நிழல் ரொம்ப நெருங்கினால் புல் வராது.

மாடு வாங்க, விற்க, கண்ணுக்கு நிறையப் பார்க்க, சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரு தடவையாவது போங்கள். பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை சந்தையும் காங்கேயம் மாட்டுக்கென்றே நடக்கிறது. முதல் தடவை எதுவும் வாங்காதீர்கள். பெரியவர்கள் ஒரு காளையை எந்தப் பக்கம் நின்று, எங்கெங்கே தொட்டுப் பார்க்கிறார்கள் என்று கவனித்துவிட்டு வந்தால் போதும்.

இரவுக் காவலையும் சொல்ல வேண்டும். கொஞ்ச வருஷமாகத் தெருநாய்கள் கூட்டமாக வந்து பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறுவது எங்கள் வட்டாரத்தில் பெரிய துயரமாகிவிட்டது. முன்பெல்லாம் காட்டிலேயே பட்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இப்போது அப்படி விட முடியாது. பட்டியை ஆள் படுத்திருக்கிற இடத்துக்குக் கொண்டு வாருங்கள், ஆறடி வலை கட்டுங்கள், வலையின் அடிப்பகுதியை மண்ணில் புதையுங்கள். நாய் பெரும்பாலும் அடியில்தான் பறித்துக்கொண்டு நுழையும். ஆடு செத்தால் மனசு ஆறாமல் உடனே புதைத்துவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லி, அவர்கள் பார்த்து எழுதிய பிறகு புதையுங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் இழப்பீடு கேட்க முடியாது.

ஆனி, ஆடி, ஆவணி

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மண்ணை வாரி அடிக்கும் காலம். புல் கட்டையாகத்தான் நிற்கும். இப்போது தட்டு, தவிடு, புண்ணாக்கு என்று கைத்தீவனம்தான். கோடை மழைக்கு விதைத்த சோளம் பக்கத்துக் காட்டில் பச்சையாக நிற்கும், அங்கேதான் ஆபத்து. தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்திலும் அறுத்த தூரிலிருந்து துளிர்த்த கொழுந்திலும் சயனைடு நஞ்சு ஊறும். பூக்காத சோளத்தைப் பச்சையாகப் போடவே வேண்டாம். தின்ற கொஞ்ச நேரத்தில் மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் இதுதான் காரணம். நிமிஷக் கணக்கில் உயிர் போய்விடும். மாற்று மருந்து ஊசியாக இருக்கிறது, அழைக்கும்போதே சோளம் தின்றது என்று சொல்லிவிடுங்கள்.

கிடாய் சேர்ப்பது ஆடியில். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டை ஆடுகளுக்குத் தினம் கால் கிலோ கம்போ சோளமோ கொடுத்து உடம்பைத் தேற்றினால் சினை நன்றாகப் பிடிக்கும். 25, 30 ஆட்டுக்கு ஒரு கிடாய். ஆடு 17 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், அதனால் கிடாயை ஒன்றரை மாதம் போல மந்தையில் விட்டுவைத்துப் பிறகு பிரித்துக் கட்டுங்கள். வருஷம் முழுக்க உள்ளேயே விட்டால் சித்திரை வெயிலிலும் குட்டி விழும், தாய்க்கும் புல் இருக்காது, குட்டிக்கும் பால் இருக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கிடாயை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தன் குட்டியோடேயே சேரும். புதுக் கிடாயை அடுத்த ஊரிலிருந்து வாங்கி வந்தால் மூன்று வாரமாவது தனியாகக் கட்டி வைத்து, சளி, கழிச்சல், வாய்ப்புண் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே பட்டிக்குள் விடுங்கள்.